மாப்பிள்ளைக்குச் சம்பளம் 12 ஆயிரம்

விவாகரத்து வழக்கில் அகப்பட்டவர்களுக்கு நம் நாட்டில் பண உதவியே கிடையாது என்று யாராவது புலம்பினால் நம்பாதீர்கள். வாரி வாரிக் கொடுக்கிறார்கள். சொந்தபந்தம் கொடுக்கிறது, வேலை பார்க்கும் இடம் கொடுக்கிறது, ஆடிட்டர் கொடுக்கிறார், சார்பதிவாளர் அலுவலகம்கூடத் தன் பங்குக்குக் கொடுக்கிறது. தகுதி ஒன்றே ஒன்றுதான். உதவி கேட்பவர் கணவராக இருக்க வேண்டும்.

பெண் பார்க்க வந்த நாளில் தரகர் என்ன சொன்னார்? "மாப்பிள்ளைக்கு வருஷத்துக்கு 15 லட்சம் பேக்கேஜ். சொந்த வீடு. ரெண்டு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருக்காங்க. கார் இருக்கு. பிக்கல் பிடுங்கல் கிடையாது." அதை நம்பித்தான் பெண்ணின் அப்பா பி.எஃப். பணத்தை உருவி 40 சவரன் போட்டார். ஐந்து வருடம் கழித்து அதே மாப்பிள்ளை குடும்ப நல நீதிமன்றத்தில் எதிருரை தாக்கல் செய்கிறார். படித்தால் கல்லும் கரையும். எதிர்மனுதாரர் ஒரு தனியார் நிறுவனத்தில் தற்காலிகப் பணியாளராம். மாதம் ரூ.12,000 மட்டுமே ஊதியமாம். அதில் தாயாரின் சர்க்கரை நோய்க்கும் தகப்பனாரின் முழங்கால் வலிக்கும் போக மிச்சம் ஒன்றுமில்லையாம். சொந்த வீடு? அது அம்மா பெயரில் இருக்கிறது. மனை? அக்கா பெயருக்குப் போய்விட்டது. கார் மச்சானுடையது; இவர் சும்மா ஓட்டிப் பார்க்கிறார், ஐந்து வருடமாக.

ஆள் அதே ஆள்தான். உட்காரும் நாற்காலியும் அதே நாற்காலி. சம்மன் கைக்கு வந்த அன்று சம்பளம் மட்டும் சுருங்கிவிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில்கூட யாருக்கும் இவ்வளவு வேகமாக வருமானம் சரிந்ததில்லை.

இந்தச் சரிவு தானாக நடப்பதில்லை. பத்துப் பேர் கை கொடுக்க வேண்டும். கம்பெனியில் கணக்கு பார்க்கும் நண்பர் ஒரு சம்பளச் சீட்டு அடித்துத் தருவார். அது போதாதென்றால் ராஜினாமாக் கடிதம் ஒன்று தயாராகும். மறுநாள் காலை அதே ஆபீஸில் 'கன்சல்டன்ட்' என்ற பெயரில் மாப்பிள்ளை காபி குடித்துக்கொண்டிருப்பார். ஆடிட்டர், 'தொழிலில் நஷ்டம்' என்று மூன்று வருடக் கணக்கை எழுதி முத்திரை குத்துவார். சித்தப்பா, தான் ஐந்து லட்சம் கைமாற்றாகக் கொடுத்ததாகப் பத்து ரூபாய் பத்திரத்தில் பழைய தேதி போட்டுக் கையெழுத்திடுவார். இதே சித்தப்பாவிடம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு போய் நின்றபோது, "நாங்க என்னம்மா பண்ண முடியும், அவன் எங்க பேச்சைக் கேக்கறவனா?" என்று கதவை ஒருக்களித்தார்.

அரசும் சும்மா இல்லை. வீட்டை வெளியாருக்குக் கிரயம் செய்தால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ செட்டில்மென்ட் எழுதினால் 1 சதவீதம்தான், அதற்கும் ஓர் உச்ச வரம்பு. குடும்பப் பாசத்துக்கு அரசு தரும் சலுகை அது. பெண்டாட்டி வழக்குப் போட்ட வாரத்தில் தாய்ப்பாசம் பொங்கி வழியும் மகன்களைப் பதிவு அலுவலகத்தில் பத்திரம் எழுதுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இதெல்லாம் நீதிமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் விவரமாகவே சொன்னது. இரு தரப்பும் வருமானம், சொத்து, வங்கிக் கணக்கு, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்கலாம். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். உடல் திடமாக இருக்கும் ஆண், வேலை இல்லை என்று கைவிரிக்க முடியாது, கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022-இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. தீர்ப்புகளுக்குக் குறைச்சலே இல்லை. கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டும் அளவுக்கு இருக்கின்றன. சத்தியம் செய்து 12,000 என்று எழுதிக் கொடுத்தவர் மட்டும், வாசலில் தன் மச்சானுடைய காரில் ஏறிப் போகிறார்.

இனி அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் உதவிகளைப் பார்ப்போம். பட்டியல் நீளம்தான்.

தமிழக அரசிடம் 'ஆதரவற்ற, கணவரால் கைவிடப்பட்ட பெண்கள் ஓய்வூதியம்' என்று ஒரு திட்டம் உண்டு. 2023-இல் மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை 1,200 ஆக்கினார்கள். நாளுக்கு 40 ரூபாய். அதை வாங்க என்ன தகுதி? சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் பிரித்து வைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கணவர் விட்டுப் போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். வயது 30 நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, 23 வயதில் கைக்குழந்தையோடு தெருவில் நிற்கும் தங்கச்சியே, பொறுமையாக இரு. உனக்குப் பசிக்க இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. 18 வயதில் உனக்குத் தாலி கட்டலாம் என்று சொன்ன அதே அரசு, உன் கணவன் உன்னைக் கைவிடுவதற்கு நீ 30 வயது வரை காத்திருப்பாய் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

அப்புறம் சான்றிதழ். 'கணவரால் கைவிடப்பட்ட பெண்' என்று அரசு முத்திரையோடு ஒரு சான்றிதழ் உண்டு. நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர் அலுவலகம். விஏஓ நேரில் வந்து விசாரிப்பார். விசாரணை என்றால் அவளை மட்டுமா? பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணோட புருஷன் வந்து போறதுண்டா?"

"இல்ல சார், பார்த்ததில்ல."

"ராத்திரி கீத்திரி?"

"எனக்குத் தெரியாது சார்."

"வேற யாராச்சும் வர்றாங்களா?"

இந்தக் கடைசிக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனாலும் கேட்கப்படும். அவள் வாசற்படியில், காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். கேட்டுவிட்டு ஆதார் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் கணவர் பெயர்தான் இருக்கிறது. முகவரியும் அவன் வீட்டு முகவரி. "இந்த ஊர்ல இருக்கறதுக்கு என்ன ஆதாரம்?" ரேஷன் கார்டு மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை என்று 2023 செப்டம்பரில் தொடங்கினார்களே, அதற்கும் அந்த அட்டைதான் வேண்டும். ஒரு அட்டைக்கு ஒருவர். எந்தக் குடும்பத்துக்குத் தலைவி என்று அவளே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கணவன் செத்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. பார்வையில் கொஞ்சம் இரக்கமாவது வந்திருக்கும். டிஎன்பிஎஸ்சி தேர்வில் பெண்களுக்கான இடங்களில் ஆதரவற்ற விதவைகளுக்கு என்று ஒரு பங்கு உண்டு. விதவை மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் நிதியும் தாலிக்குத் தங்கமும் உண்டு. உயிரோடு இருந்துகொண்டு, சம்பாதித்துக்கொண்டு, பைசா தராதவன் பெண்டாட்டிக்கு இந்த இரண்டும் இல்லை. மாப்பிள்ளை உயிரோடு இருப்பதே அவளுக்கு நஷ்டம் என்று ஆக்கி வைத்திருக்கிறது நம் நிர்வாகம். தாலி கட்ட 8 கிராம் தங்கம் அளந்து கொடுத்த அரசு இது. கழற்றி வைக்க நேர்ந்தவளுக்கு அளக்க அதனிடம் தராசே இல்லை.

ஆனால் தையல் மெஷின் உண்டு! சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம். விதவை, கணவரால் கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி என்று வாழ்க்கை யாரையெல்லாம் தள்ளி வைத்ததோ அவர்களுக்கெல்லாம் தையல் மெஷின். எம்.காம். படித்தவளா? தையல் மெஷின். நர்சிங் முடித்தவளா? அவளுக்கும் அதே தையல் மெஷின். எழுபது எண்பது வருடத் தமிழ் சினிமாவில் கைவிடப்பட்ட கதாநாயகி எதை மிதித்தாளோ அதையே நம் சமூக நலத் துறையும் மனதில் வைத்திருக்கிறது. தைத்துப் பிழைப்பது கேவலமில்லை. திருப்பூரே அதில்தான் நிற்கிறது. ஆனால் திருப்பூரில்கூட வீட்டில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு ஒருத்தி மகனை இன்ஜினீயரிங் படிக்க வைத்த கதையைச் சமீபத்தில் கேட்டவர் உண்டா?

அந்த மெஷினின் அடுத்த பயணம் இன்னும் சுவாரசியம். எதிருரையின் 14-ஆவது பத்தியில் அது வந்து நிற்கும். "மனுதாரர் தையல் தொழில் நடத்தி மாதம் ரூ.25,000-க்குக் குறையாமல் சம்பாதித்து வருகிறார்." ஆதாரமாக ஒரு புகைப்படம்: திண்ணையில் அவள், முன்னால் மெஷின், பக்கத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாவாடை. கூடவே அவளுடைய வாட்ஸ்அப் முகப்புப் படம், மாமா மகள் கல்யாணத்தில் இரவல் பட்டுப்புடவையில் எடுத்தது. "மனுதாரர் ஆடம்பர வாழ்க்கை வாழ்கிறார்." ஆக, 12,000 சம்பாதிக்கும் பரிதாபத்துக்குரிய மாப்பிள்ளைக்கு 25,000 சம்பாதிக்கும் இந்தத் தொழிலதிபர்தான் ஜீவனாம்சம் தர வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் கணவனும் கேட்கலாம். கேட்கிற ஆண்களும் இருக்கிறார்கள்.

எந்தக் கேள்வியும் கேட்காமல் அரசு அவளுக்குத் தரும் உதவி ஒன்றே ஒன்று: டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் மட்டும்தான் இந்த நிர்வாகத்தில் "உன் புருஷன் எங்கே?" என்று கேட்காத ஒரே ஆள். அந்தப் பஸ்ஸில்தான் அவள் வாய்தாவுக்குப் போகிறாள், வாய்தாவிலிருந்து திரும்பி வருகிறாள். மாப்பிள்ளையின் வக்கீலுக்கு அன்று வேறு கோர்ட்டில் வேலை. அடுத்த மாதம் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் நீதிபதி விடுப்பு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு.

சட்ட உதவியை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எவ்வளவு வருமானம் இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அடிதடி என்றால் 181. இது தெரியாமல் தாலிச் சரடை விற்று வக்கீல் பீஸ் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறிப்பாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஜீவனாம்ச உத்தரவு வந்து அவன் கொடுக்காமல் இருந்தால், பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் நிறைவேற்று மனு போட வேண்டும். "பிள்ளைக்கு அப்பனாச்சே, தருவான்" என்று பொறுமையாக இருந்தவளிடம், அந்த வழியில் பழைய பாக்கியைக் கேட்க முடியாது என்று கட்டை மூடிவிடுவார்கள். பூமாதேவி போலப் பொறுத்திரு என்று நாம்தான் அவளுக்கு வகுப்பெடுத்திருந்தோம்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்காதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில், ஆளுக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்ச வரம்பு. 2001-இல்தான் அதை எடுத்தார்கள். இந்தூரின் ஷா பானுவுக்கு 43 வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகு மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவு மாதம் 25 ரூபாய். கணவர் நல்ல வருமானமுள்ள வக்கீல். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. அந்த 20 காசை எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ! அந்தப் பணத்தைத் தரக்கூடாது என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1985-இல் தோற்றார். உடனே நாடே பற்றிக்கொண்டு எரிந்தது, மறுவருடம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. ஒரு கிழவிக்கு மாதம் 179 ரூபாய் போய்விடக்கூடாது என்பதில் இந்தியா காட்டிய அந்த ஒற்றுமையைப் பிறகு பார்க்கவே முடியவில்லை. அந்தப் பிரிவு இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. எண் மாறிவிட்டது.

உடனே ஒரு குரல் எழும்: "ஜீவனாம்சம்னு கோடி கோடியா கறக்கறாங்களே சார்!" ஆமாம், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண் 12 கோடியும் மும்பையில் வீடும் பிஎம்டபிள்யூ காரும் கேட்டதாகச் செய்தி வந்தது. படித்திருக்கிறீர்களே, நீங்களே சம்பாதிக்கலாமே என்று நீதிமன்றமும் கேட்டது. பேராசைக்காரிகள் இல்லையென்று யார் சொன்னது? பொய் வழக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு பிஎம்டபிள்யூவைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் மாதம் 3,000 ரூபாய்க்காக வரிசையில் நிற்கும் கூட்டம் மொத்தத்தையும் மறைத்துவிட்டார்கள். டீக்கடையில் பேசுகிறவருக்கு அந்த 12 கோடி மனப்பாடம். தன் சொந்தத் தங்கைக்கு எத்தனை மாதம் பாக்கி என்று கேட்டால் மட்டும் தெரியாது.

கோவை குடும்ப நல நீதிமன்றத்துக்கு 2024 டிசம்பரில் ஒருவர் இடைக்கால ஜீவனாம்சத்தில் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாகக் கட்டித் தூக்கி வந்தார். நோட்டாக மாற்றிக் கொண்டு வா என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது; கைதட்டி ரசித்தவர்களும் உண்டு. 80,000 ரூபாய்க்குச் சில்லறை சேர்க்க எத்தனை நாள் அலைய வேண்டும், எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று யோசியுங்கள். அவளை அவமானப்படுத்த வேண்டுமென்றால் அவ்வளவு உழைப்பு வருகிறது. நேராக வங்கியில் போட்டுவிட மனம் வரவில்லை.

நகை? சீதனம் அவள் சொத்து, கணவன் வீட்டார் வெறும் காப்பாளர்கள்தான் என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. இருக்கட்டும். 2021-இல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரை நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. யார் பெயரில் அடகோ அவர் கைக்கு நகை திரும்பியது. யார் கழுத்திலிருந்து போனது என்று சங்கச் செயலாளருக்கு என்ன கவலை?

வீடு? சம்பாதித்தவன் பெயரில் பத்திரம், வீட்டுக்குள் உழைத்தவளுக்கு வெறுங்கை. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய காலத்தில் இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கு, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குச் சட்டம் எங்கே? கணவன் சொத்தில் பங்கு தரும் மசோதா ஒன்று 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதியானது. அதற்குப் பிறகு எத்தனையோ சட்டங்களை ஒரே மத்தியானத்தில் நிறைவேற்றியிருக்கிறார்கள். இதற்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

எனக்குக் கோபம் சட்டத்தின் மேல் அதிகமில்லை, வசூலின் மேல்தான். கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கத் தெரியும். வீட்டு வரி பாக்கி என்றால் வாசலில் வந்து நோட்டீஸ் ஒட்டத் தெரியும். ஜீவனாம்ச டிகிரிக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. கொடுக்காதவனைச் சிறைக்கு அனுப்பலாம், அனுப்பினாலும் பாக்கி தீராது. அவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. நடப்பது என்ன? அவன் வேலை பார்க்கும் இடத்தை அவளே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவன் விலாசத்தையும் அவளே தேட வேண்டும். வாரன்ட்டோடு போன காவலர் "ஆள் இல்லை" என்று எழுதி வருவார். ஆள் அப்போது மாடியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெர்மனியில் அப்பன் தராத பிள்ளைச் செலவை அரசே முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு அவனைத் துரத்துகிறது. இங்கே துரத்தும் வேலையும் அவளுக்கே.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் சட்டத்திலேயே ஒரு வழி கிடக்கிறது. ஜீவனாம்சப் பாக்கியை அபராதம் போல வசூலிக்கலாம். அபராதத்தை நில வரிப் பாக்கி போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம். கலெக்டர் என்றால் யார்? அவருக்குக் கீழே வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் விஏஓ. அவள் வாசலில் நின்று விசாரித்தாரே, அதே விஏஓ! அவள் தெருவுக்கு வரத் தெரிந்தவருக்கு அவன் தெருவுக்கும் வழி தெரியும். போகட்டும். பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, அவன் காதில் விழும் தூரத்தில் நின்றே கேட்கட்டும்: "ஏம்ப்பா, இந்த வீட்டு முன்னாடி ராத்திரி எந்தக் கார் நிக்குது? போன தீபாவளிக்கு என்ன டிவி வாங்கினாங்க? மாடியில எத்தனை ஏசி ஓடுது? 12 ஆயிரத்துல எப்படிய்யா இதெல்லாம்?" விசாரித்து முடித்ததும் 'பெண்டாட்டி பிள்ளையைக் கைவிட்ட ஆண்' என்று வட்டாட்சியர் முத்திரையோடு ஒரு சான்றிதழ் அடித்து அவன் கையில் கொடுக்கட்டும். அடுத்த தடவை அவன் பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தோடு இணைக்க வசதியாக இருக்கும். கட்டணம் 60 ரூபாய்தான். அதையாவது அவனிடம் வசூலித்துக் காட்டுங்கள்.